நேரத்தைச் சொன்னீர்கள், இடத்தைச் சொல்லவில்லை: பண்டிகைப் பட்டாசு விதிகள் குறித்து நகர நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேயர், மன்ற உறுப்பினர்கள், ஆணையர் மற்றும் காவல், தீயணைப்புத் துறை அதிகாரிகளுக்கு,

பண்டிகை விடுமுறையையொட்டிப் பட்டாசு வெடிப்பது குறித்து நீங்கள் வெளியிட்ட ஒரு பக்க அறிவிப்பையும் சென்ற ஆண்டின் அறிவிப்பையும் அருகருகே வைத்துப் படித்தேன். தேதி மாறியிருக்கிறது, கையொப்பமிட்டவர் மாறியிருக்கிறார், மற்றபடி ஓர் எழுத்தும் மாறவில்லை. இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை வெடிக்கலாம், மருத்துவமனைகளுக்கு அருகில் வெடிக்கக் கூடாது, சிறுவர்கள் பெரியவர்களின் மேற்பார்வையில் வெடிக்க வேண்டும், மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும், இவ்வளவுதான். ஒவ்வொரு வார்டிலும் பொது மைதானம் ஒன்றை ஒதுக்கி அங்கே வெடிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் இவ்வாண்டின் தொடக்கத்திலேயே எழுத்து மூலம் வைத்த கோரிக்கைக்கு, "நிர்வாகக் காரணங்களால் ஏற்க இயலவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தக் காரணங்கள் எவை என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு அந்த ஒற்றை வரிகூட வரவில்லை. ஆகவேதான் இதை ஊரறிய எழுதுகிறேன்.

உங்கள் அறிவிப்பு கடிகாரத்தைப் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது; நகரத்தின் வரைபடத்தைப் பார்த்து எழுதப்படவில்லை. எப்போது வெடிக்கலாம் என்பதற்கு அதில் மணிக்கணக்கு இருக்கிறது. எங்கே வெடிக்கலாம் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அதனால் வீட்டு வாசலும் மொட்டை மாடியும் நான்கு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சந்தும், வாகனங்கள் வரிசையாக நிற்கும் தெருவோரமும் ஒரே நேரத்தில் வெடிக்கும் இடங்களாக ஆகிவிடுகின்றன. எங்கும் வெடிக்கலாம் என்று விட்டுவிட்டால், தீயணைப்பு வண்டியை எங்கே நிறுத்துவது, காவலரை எங்கே நிற்கவைப்பது, குப்பையை எங்கே அள்ளுவது என்று எந்தத் துறையாலும் திட்டமிட முடியாது.

சென்ற பண்டிகை இரவு நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் அனுமதித்த நேரத்துக்குள்தான், எங்கள் தெருவின் குறுக்கே நீளமான சரவெடி ஒன்றை விரித்துப் பற்றவைத்தார்கள். பாதி வெடித்துக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றது. பற்றிக்கொண்ட சரத்தை அணைக்கவும் முடியாது, அதன்மேல் வண்டியை ஏற்றிச் செல்லவும் முடியாது. சைரன் யார் காதிலும் விழவில்லை என்பது ஓட்டுநருக்கே தெரிந்ததாலோ என்னவோ, அதை நிறுத்திவிட்டார். பின்கதவுக் கண்ணாடி வழியே பார்த்தபோது, படுத்திருந்தவரின் இரு காதுகளையும் ஒரு பெண் தன் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு, வெளியே நடப்பதைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரம் ஓய்ந்த பிறகு, பற்றவைத்த இளைஞர்களே ஓடிவந்து காகிதக் குவியலைக் காலால் ஒதுக்கி வழிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. அவர்கள் உங்கள் அறிவிப்பில் ஒரு வரியையும் மீறவில்லை என்பதுதான் என் புகார்.

ஏனென்றால், மருத்துவமனைக்கு "அருகில்" என்றால் எவ்வளவு தொலைவு என்று நீங்கள் சொல்லவில்லை. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதி மண்டலம் என்று அளவு சொல்லி வரையறுக்கின்றன. ஜெர்மனியில் மருத்துவமனை, வழிபாட்டு இடம், குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம் ஆகியவற்றின் அண்மையிலும், எளிதில் தீப்பற்றக்கூடிய கட்டடங்களின் அண்மையிலும் வெடிப்பதற்குச் சட்டமே தடை விதிக்கிறது. அப்படி ஓர் எல்லையை வரைந்து, அதைத் தெருவில் ஒரு பலகையாக நட்டால்தான் மக்களுக்கு அது விதியாகத் தெரியும். எங்கள் தெருவில் வாகனம் நிறுத்தக் கூடாது என்ற பலகை இருக்கிறது, சுவரொட்டி ஒட்டக் கூடாது என்ற பலகை இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை.

ஒலியின் அளவு குறித்தும் இதே குறைதான். பட்டாசுகளுக்கு ஒலி வரம்பு ஏற்கெனவே இருக்கிறது, தயாரிப்பாளர்கள் அதைப் பின்பற்றுகிறார்கள் என்று உங்கள் அதிகாரி ஒருவர் எங்களிடம் நேரில் சொன்னார். அந்த வரம்பு எப்படி அளக்கப்படுகிறது என்பதையும் அவர் பார்த்திருக்கலாம். இந்தியாவில் 1999ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சோதனையைச் செய்யும் இடத்தில் 15 மீட்டர் சுற்றளவுக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் சுவரோ கட்டடமோ இருக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. திறந்த வெளியில் தேர்ச்சி பெற்ற வெடியை, இருபுறமும் கைக்கெட்டும் தூரத்தில் சுவர் எழும்பிய சந்தில் வெடிக்கும்போது அந்தத் தேர்ச்சிக்கு என்ன பொருள்? திடீர் ஒலிகளின் உச்ச அளவு குழந்தைகளின் காதுக்கு 120 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. ஒவ்வொரு பத்து டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஜன்னலுக்குக் கீழே வெடிப்பதும் மைதானத்தில் வெடிப்பதும் ஒன்றல்ல என்பது விளங்கும்.

புகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. என் தாயாருக்கு நாட்பட்ட நுரையீரல் நோய் இருக்கிறது. பண்டிகை இரவில் ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்குகளில் ஈரத் துணியைச் செருகி, நெபுலைசரைத் தயாராக வைத்துக்கொண்டு அவர் அருகில் உட்கார்ந்திருப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. காற்றே அசையாத இரவுகளில், தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழாமல் தங்கிவிடுவதால், புகையும் அதனுடன் தெருவிலேயே தங்கிவிடுகிறது. பச்சை நிறத்துக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குத் தாமிரம், வெள்ளைப் பொறிகளுக்கு அலுமினியம் என்று வானத்தில் நாம் ரசிக்கும் ஒவ்வொரு நிறமும் ஓர் உலோகம்தான். அது எரிந்து நுண்துகளாகக் கீழே இறங்கும்போது யார் நுரையீரல் என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவில் முந்நூறுக்கும் மேற்பட்ட காற்றுக் கண்காணிப்பு நிலையங்களின் பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், ஜூலை 4 சுதந்திர தின விடுமுறையில் இருபத்துநான்கு மணி நேர நுண்துகள் அளவு சராசரியாக 42 விழுக்காடு கூடியிருந்தது தெரியவந்தது. ஆனால் வாணவேடிக்கை நடந்த திடலை ஒட்டியிருந்த ஒரு நிலையத்தில் அது 370 விழுக்காடு கூடியிருந்தது. ஒரே நாடு, ஒரே இரவு. தொலைவு ஒன்றுதான் வேறு. வெடிக்கும் இடத்துக்கும் மூச்சு விடுபவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் வைக்கிறோம் என்பதுதான் திட்டமிடலின் உயிர்நாடி, அதைத்தான் உங்கள் அறிவிப்பு தொடவே இல்லை.

மறுநாள் காலையைப் பற்றி எந்த அறிவிப்பிலும் நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் அன்று விடியுமுன்பே வந்துவிடுவார். கையுறை இல்லை. குவிந்து கிடக்கும் காகிதத்துக்குள் திரி பாதி கருகி நின்றுபோன வெடிகள், கால் பட்டால் குத்தும் கம்பி மத்தாப்புக் கம்பிகள், உடைந்த பாட்டில் கண்ணாடி எல்லாம் கலந்து கிடக்கும். பொறுக்கி ஒதுக்க அவருக்கு நேரம் தரப்படுவதில்லை. அவர் வருவதற்கு முன்பே சிறுவர்கள் வந்து அந்த வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, பிரித்து, மருந்தை ஒரு காகிதத்தில் கொட்டித் தீ வைப்பார்கள்; அது குபீரென்று முகத்துக்கு எழும். கொண்டாட்டம் முடிந்துவிட்டதாக நிர்வாகம் கருதும் நேரத்தில்தான் இந்த விபத்துகள் நடக்கின்றன. நின்றுபோன வெடிகளைத் தண்ணீரில் ஊறவைத்துத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த எளிய நடைமுறை. அதற்கு வாளியும் தண்ணீரும் கையுறையும் கொஞ்சம் நேரமும் போதும்.

விதியை மீறுவோர் மேல் நடவடிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். அனுமதித்த நேரம் கடந்து நள்ளிரவைத் தாண்டியும் வெடித்துக்கொண்டிருந்தபோது கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் புகார் சொன்னேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "எந்தத் தெருவுக்கு என்று வருவது, சார்? எல்லாத் தெருவிலும்தான் சத்தம் கேட்கிறது" என்றார். அவர் சொன்னது நியாயம். எல்லா வாசல்களிலும் ஒரே நேரத்தில் வெடிக்க விட்டுவிட்டு, பிறகு விரல்விட்டு எண்ணக்கூடிய காவலர்களை அனுப்பி அதை அடக்கச் சொல்வது அவர்களுக்கும் செய்யும் அநீதி. வெடிக்க இடம் ஒதுக்கப்பட்டிருந்தால், அந்த இடத்துக்கு வெளியே எழும் ஒவ்வொரு சத்தமும் தானே புகாராகிவிடும். காவலர் தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

நான் முழுத் தடை கேட்டு எழுதவில்லை. பெய்ஜிங் நகரம் 1993இல் தடை விதித்தது, 2005இல் தளர்த்தியது, பின்னர் ஐந்தாம் வட்டச் சாலைக்குள் மீண்டும் தடை விதித்தது. இத்தனைக்கும் நடுவே, 2009இல் அங்கே வாணவேடிக்கையால் ஒரு பெரிய கோபுரக் கட்டடமே எரிந்தது. சிங்கப்பூர் 1972இல் தடை செய்து இன்றுவரை உறுதியாக நிற்கிறது. அதற்குரிய கண்காணிப்பும் அங்கே இருக்கிறது. ஓர் அறிவிப்பையே ஆண்டுக்கொருமுறை தேதி மாற்றி ஒட்டும் நிர்வாகம் நாளை தடை என்று எழுதினால், அதுவும் இன்னொரு காகிதமாகத்தான் இருக்கும். தவிர, புஸ்வாணம் எரியும்போது குழந்தைகளின் முகத்தில் வரும் ஒளியை இல்லாமல் செய்ய எனக்கு விருப்பமும் இல்லை.

நான் கேட்பது இந்தத் தடைகளைவிட எளிது, பிற இடங்களில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசு குறித்துத் தீர்ப்பளித்தபோது இரவு 8 முதல் 10 மணி வரை என்ற நேரக் கட்டுப்பாடுதான் தலைப்புச் செய்தியானது. ஆனால் அதே உத்தரவில், தில்லி வட்டாரத்தில் கூட்டாக வெடிப்பதற்குரிய பொது இடங்களை ஒரு வாரத்துக்குள் கண்டறிந்து, பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றும், மீறல் நடந்தால் அந்தக் காவல் நிலையப் பொறுப்பாளரே பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருந்தது. நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இடத்தையும் பொறுப்பையும் விட்டுவிடுவது நம் நிர்வாகத்துக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல போலும். ஸ்காட்லாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி மன்றங்களுக்குப் பட்டாசு வெடிக்கக் கூடாத கட்டுப்பாட்டு மண்டலங்களை அறிவிக்கும் அதிகாரத்தைத் தந்தது; எடின்பரா நகர மன்றம் 2024 நவம்பரில் அதைப் பயன்படுத்திச் சில பகுதிகளை அவ்வாறு அறிவித்தது. சிட்னியில் புத்தாண்டு இரவின் பெரிய வாணவேடிக்கைக்கு முன்னதாக, நள்ளிரவுவரை விழித்திருக்க முடியாத குழந்தைகளுக்காக இரவு 9 மணிக்கே ஒரு காட்சி நடத்துகிறார்கள். யார் எப்போது எங்கே இருப்பார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது அதில் தெரிகிறது.

ஓரிடத்தில் கூட்டம் சேர்த்தால் விபத்து பெரிதாகும் என்று நீங்கள் மறுக்கக்கூடும். இது வெறும் சாக்கு அல்ல, பொருட்படுத்த வேண்டிய அச்சம். கேரளத்தின் பரவூரில் 2016 ஏப்ரல் 10 அன்று, மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தும் நடத்தப்பட்ட வாணவேடிக்கையில், பொறி ஒன்று வெடிகள் வைத்திருந்த கட்டடத்தில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெடிக் கிடங்கும் மக்கள் கூட்டமும் அடுத்தடுத்து இருந்தன. இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் சான் டியேகோவில் 2012 ஜூலை 4 அன்று, முழுக் காட்சிக்கும் உரிய வாணங்கள் கணினிக் கோளாறால் சில நொடிகளுக்குள் ஒட்டுமொத்தமாக வெடித்துத் தீர்ந்தன. ஒருவருக்கும் காயமில்லை, ஏனெனில் அவை கரையிலிருந்து தள்ளி நிறுத்தப்பட்ட மிதவைகளில் இருந்தன. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறி, வாணக் குண்டின் விட்டம் ஓர் அங்குலம் கூடும் ஒவ்வொரு முறையும் பார்வையாளர்களுக்கும் அதற்கும் இடையே 70 அடி, அதாவது சுமார் 21 மீட்டர், கூட வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. கணக்கை மதித்தால் கோளாறு நேர்ந்தாலும் மனிதர் பிழைக்கிறார்கள். கூட்டம் சேரும் என்ற அச்சத்துக்குப் பதில், இடைவெளியைக் கணக்கிட்டுக் கயிறு கட்டுவதுதான். கூட்டத்தைச் சந்துகளுக்குள் சிதறவிடுவது அல்ல.

விற்பனைக் கடைகளுக்கும் இதே கண்ணோட்டம் தேவை. நெதர்லாந்தின் என்ஷெடே நகரில் 2000 மே 13 அன்று குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த வாணக் கிடங்கு வெடித்து 23 பேர் இறந்தனர், ஒரு குடியிருப்புப் பகுதியே அழிந்தது. மேல்தளத்தில் குடும்பங்கள் வசிக்கும் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் தற்காலிகக் கடைகளுக்கு நீங்கள் அளிக்கும் உரிமங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஊர்தான் நினைவுக்கு வருகிறது. பசுமைப் பட்டாசு வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று சொல்வோருக்கும் ஒரு சொல்: அவை புகையைக் குறைக்கலாம், ஆனால் சந்துகளை அகலமாக்குவதில்லை.

இனி என் கோரிக்கைகள். இவ்வாண்டு நாள் குறைவு என்பதை அறிவேன், அதனால் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறேன்.

இந்தப் பண்டிகைக்கு முன்பாகவே செய்யக்கூடியவை இவை. மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், விலங்கு மருத்துவமனைகள் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் எல்லையைக் குறித்து, அந்த எல்லை தொடங்கும் இடத்தில் தெருப்பலகை வையுங்கள். ஆம்புலன்ஸ் செல்லும் வழிகளைப் பட்டியலிட்டு, அந்தச் சாலைகளில் சரவெடியைத் தரையில் விரித்து வெடிப்பதை நேரம் எதுவாயினும் தடை செய்யுங்கள். மறுநாள் காலைப் பணிக்கு வரும் தூய்மைப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் தடித்த கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, தண்ணீர் வாளி ஆகியவற்றைக் கொடுத்து, வெடிக்காத வெடிகளைத் தனியே சேகரிக்க உத்தரவிடுங்கள். வழக்கமான நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியை அன்று ஒரு நாளாவது அவர்களுக்குத் தராதீர்கள். அன்றிரவு வரும் புகார் அழைப்புகளை வார்டு வாரியாகப் பதிவு செய்யுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு, வார்டுக்கு ஒரு மைதானமாவது தேர்ந்தெடுக்கப்பட்டு, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே வரைபடத்துடன் மக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும். அங்கே தண்ணீர்த் தொட்டியும் மணலும் முதலுதவியும் தீயணைப்பு வீரர்களும் இருக்க வேண்டும். சிறுவர்களுக்கு முன்னிரவிலேயே தனி நேரம் ஒதுக்க வேண்டும். மைதானம் இல்லாத நெருக்கமான வார்டுகளுக்குப் பள்ளி, கல்லூரித் திடல்களைக் கேட்டுப் பெறுங்கள். அவை விடுமுறையில் பூட்டித்தான் கிடக்கின்றன. குறுகிய தெருக்களில் ஓசையெழுப்பும் வெடிகளுக்கும் ராக்கெட்டுகளுக்கும் தடை விதித்து, மத்தாப்பு போன்றவற்றை மட்டும் அனுமதியுங்கள். மேலே குடியிருப்பு உள்ள கட்டடங்களில் பட்டாசுக் கடை உரிமம் வழங்காதீர்கள். இவற்றைத் திட்டமிடும் குழுவில் அதிகாரிகளுடன் ஒரு நுரையீரல் மருத்துவரும், தூய்மைப் பணியாளர்களின் பிரதிநிதி ஒருவரும், குடியிருப்போர் சங்கத்தினரும், பட்டாசு வியாபாரிகளும் இடம்பெற வேண்டும். வியாபாரிகளை வெளியே வைத்து எடுக்கும் முடிவு கடைத்தெருவில் நிற்காது.

பண்டிகை முடிந்து இரு வாரங்களுக்குள், எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனை இடங்களுக்குக் காவலர் சென்றனர், எத்தனை தீவிபத்துகள், எத்தனை பேர் காயமடைந்தனர், காற்றின் தரம் எந்த மணிக்கு எவ்வளவு இருந்தது என்ற விவரங்களை வெளியிடுங்கள். எங்கள் பழைய கோரிக்கையை மறுத்த அந்த "நிர்வாகக் காரணங்கள்" எவை என்பதையும், இந்த மடலில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதையும், அடுத்த ஆண்டின் கடை உரிமங்களுக்கு விண்ணப்பம் பெறத் தொடங்குவதற்கு முன்பாக எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர்